கை மாறும் வன்பொருளை யார் அலசி வைப்பது?

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அமில–கார நடுநிலையாக்கல் சோதனை செய்த மாணவர்களுக்கு ஒரு விதி தெரிந்திருக்கும். முந்தைய குழு பயன்படுத்திய பியூரெட்டை அப்படியே எடுத்து நிரப்பக் கூடாது. முதலில் வடிநீரால் அலச வேண்டும். பிறகு நாம் நிரப்பப் போகும் கரைசலாலேயே ஒருமுறை அலச வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் பழைய கரைசல் சில சொட்டுகள் போதும், நம் கணக்கைக் கெடுக்க.

கணினிக்குள் இருக்கும் கருவிகளுக்கும் இதே தொல்லை உண்டு. ஒருவர் பயன்படுத்திய கிராஃபிக்ஸ் அட்டையோ, நெட்வொர்க் அட்டையோ, எஸ்.எஸ்.டி. சேமிப்பகமோ அடுத்தவர் கைக்குப் போகும் முன் அலசப்பட வேண்டும். அந்த அலசலுக்குப் பெயர் ரீசெட். அதை யார் கேட்கலாம், யார் செய்ய வேண்டும், ஒருவர் கேட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பவற்றை லினக்ஸ் கெர்னல் எப்படி முறைப்படுத்தியிருக்கிறது என்பதுதான் இந்த வாரப் பாடம். கணினி அறிவியல் படிக்கும் படிவம் 4, 5 மாணவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் முழுவதும் புரியும்.

ஒரு கணினிக்குள் பல கணினிகள்

ஜொகூரில் கூலாய், செடெனாக் பக்கம் எழும்பியிருக்கும் தரவு மையங்களைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். தரவு மையத்தில் ஒரு பெரிய சர்வரை முழுவதுமாக ஒருவருக்கே கொடுக்காமல், மென்பொருளால் அதற்குள் பல மெய்நிகர் கணினிகளை உருவாக்கிப் பலருக்கு வாடகைக்கு விடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தனக்கென ஒரு வட்டும் நெட்வொர்க் அட்டையும் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். உண்மையில் அவை மென்பொருள் நடிக்கும் வேடங்கள். லினக்ஸில் இந்த வேலையைச் செய்யும் கே.வி.எம். என்ற பகுதி 2007ஆம் ஆண்டில் கெர்னலுக்குள் வந்தது.

வேடம் எல்லா வேலைக்கும் போதாது. செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கு உண்மையான கிராஃபிக்ஸ் அட்டையின் முழு வேகமும் வேண்டும். அப்போது அந்த அட்டையையே நேராக மெய்நிகர் கணினியின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இதற்குப் பாஸ்த்ரூ என்று பெயர். தமிழில் நேரடி ஒப்படைப்பு எனலாம்.

இதில் ஓர் ஆபத்து. இத்தகைய அட்டைகள் செயலியிடம் அனுமதி கேட்காமலேயே நினைவகத்தை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் வல்லவை. வாடகைக்கு வந்தவர் தம் அட்டையைப் பக்கத்து வீட்டுக்காரரின் நினைவகத்தை நோக்கித் திருப்பிவிட்டால்? அதைத் தடுக்கத்தான் ஐ.ஓ.எம்.எம்.யு. என்ற வேலி வன்பொருளிலேயே இருக்கிறது. இன்டெல் அதை வி.டி.–டி என்றும், ஏ.எம்.டி. அதை ஏ.எம்.டி.–வி.ஐ. என்றும் அழைக்கின்றன. அட்டை எந்த முகவரியைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதை அது ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும்.

வேலியைப் போட்டு, அட்டையைப் பத்திரமாகப் பயனரின் மென்பொருளிடம் ஒப்படைக்கும் கெர்னல் பகுதிக்கு வி.எஃப்.ஐ.ஓ. என்று பெயர். சிஸ்கோ நிறுவனத்தின் டாம் லையன் தொடங்கிய முயற்சியை, ரெட்ஹேட் பொறியாளர் அலெக்ஸ் வில்லியம்சன் புதிதாக வடிவமைத்தார். 2012இல் லினக்ஸ் 3.6 பதிப்பில் அது சேர்ந்தது.

ஏன் அலச வேண்டும்?

முதல் காரணம் ரகசியம். முந்தைய பயனரின் குறியீட்டுச் சாவி ஒன்று அட்டையின் உள் நினைவகத்தில் கிடந்தால் அடுத்தவர் அதை எடுத்துப் படித்துவிடலாம். இரண்டாவது, பாதியில் நிற்கும் வேலைகள். மெய்நிகர் கணினி திடீரென அணைந்துவிட்டது. அட்டையோ இன்னும் எதையோ நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது மிகச் சாதாரணமானது: அட்டை எந்த நிலையில் இருக்கிறது என்றே புது டிரைவருக்குத் தெரியாது. கணினியை இயக்கிய கணத்தில் இருக்கும் தூய நிலையை எதிர்பார்த்தே பல டிரைவர்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

இங்கே மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரீசெட் என்பது அழித்தல் அல்ல. ஓர் எஸ்.எஸ்.டி.யை ரீசெட் செய்தால் அதன் கட்டுப்பாட்டுச் சில்லுதான் புதிதாகத் தொடங்கும். அதில் சேமித்த படங்களும் கோப்புகளும் அப்படியே இருக்கும். அவற்றை நீக்கத் தனிக் கட்டளைகள் உண்டு. பழைய கணினியை விற்கப் போகும் அண்ணன்மார்களும் இதைக் கவனிப்பது நல்லது.

அலசும் வழிகள்

கணினிக்குள் அட்டைகளை இணைக்கும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் தர விதியில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது: எஃப்.எல்.ஆர்., அதாவது ஒரே ஒரு செயற்பகுதியை மட்டும் ரீசெட் செய்வது. ஓர் அட்டைக்குள் பல செயற்பகுதிகள் இருக்கலாம். கிராஃபிக்ஸ் அட்டையில் படம் காட்டுவது ஒன்று, எச்.டி.எம்.ஐ. வழியாக ஒலி அனுப்புவது இன்னொன்று. எஃப்.எல்.ஆர். பக்கத்துப் பகுதியைத் தொடாமல், கேட்ட பகுதியை மட்டும் அலசும். அது 100 மில்லி விநாடிக்குள் முடிய வேண்டும். முந்தைய பயன்பாட்டின் ரகசியம் எதுவும் மென்பொருள் படிக்கும்படி மிஞ்சக் கூடாது என்றும் விதி சொல்கிறது. எல்லா அட்டைகளிலும் இது இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் எஃப்.எல்.ஆர். கட்டாயமில்லை. வீட்டுக் கணினிகளுக்கான பல கிராஃபிக்ஸ் அட்டைகளில் அது கிடையாது.

அடுத்த வழி, அட்டையைத் தூங்கவைத்து எழுப்புவது. மின்சிக்கன நிலைக்கு அனுப்பி மீண்டும் முழு நிலைக்குக் கொண்டுவந்தால் சில அட்டைகள் உள்நிலையை மறந்துவிடும். வேறு சில, தூங்கி எழுந்தாலும் எதையும் மறப்பதில்லை.

கடைசி வழி, பாதையையே ரீசெட் செய்வது. அட்டை தொங்கும் பாலத்தில் ஒரு பிட்டை 1 ஆக்கினால், அந்தப் பாலத்துக்குக் கீழே இருக்கும் எல்லாமே ஒரே நேரத்தில் ரீசெட் ஆகும். வலிமையான வழிதான், ஆனால் ஆள் பார்க்காது.

விதிப்படி எழுதியிருந்தாலும் வன்பொருள் விதிப்படி நடப்பதில்லை என்பதுதான் இந்தத் துறையின் சுவாரசியம். லினக்ஸ் கெர்னலில் இத்தகைய விதிவிலக்குகளுக்கென்றே ஒரு நீண்ட கோப்பு இருக்கிறது. இன்டெல்லின் டி.சி. பி3700 என்ற சேமிப்பகம், எஃப்.எல்.ஆர். முடிந்த உடனே பேச முயன்றால் தடுமாறும். அதற்காகக் கெர்னல் 250 மில்லி விநாடி காத்திருக்கிறது. இந்த 250 ஏதோ சூத்திரத்தில் வந்தது அல்ல, செய்து பார்த்து ஒத்துவந்த எண். சாம்சுங்கின் எஸ்.எம்.961 சேமிப்பகத்தை முதலில் முறையாக நிறுத்திவிட்டுத்தான் எஃப்.எல்.ஆர். செய்ய வேண்டும். இன்டெல்லின் 82599 நெட்வொர்க் சில்லின் மெய்நிகர் பகுதிகளில் எஃப்.எல்.ஆர். வேலை செய்யும், ஆனால் 'எனக்கு அது தெரியும்' என்று அவை சொல்லிக்கொள்வதில்லை. ஏ.எம்.டி.யின் சில ஒலி, யு.எஸ்.பி. கட்டுப்பாட்டுச் சில்லுகள் இதற்கு நேர்மாறு. தெரியும் என்று சொல்லும், கேட்டால் தொங்கிவிடும். பாதை ரீசெட் செய்தால் அதன் பிறகு ஒழுங்காக இயங்காத ஏதெராஸ் வைஃபை அட்டைகளும் உண்டு.

எந்த அட்டைக்கு எந்த வழி, எந்த வரிசையில் என்பதை நிர்வாகியே பார்த்து மாற்றிக்கொள்ளும் வசதி 2021இல்தான் கெர்னலுக்கு வந்தது.

இடைமுகத்தைப் பரிசீலித்தல்

கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையம். வன்பொருளை ஆளும் அதிகாரம் அதனிடம் இருக்கிறது. வெளியே இருக்கும் மென்பொருள், இங்கே மெய்நிகர் கணினியை நடத்தும் கியூ.இ.எம்.யு. போன்றது, கெர்னலிடம் வேண்டுகோள் வைக்கத்தான் முடியும். எந்த வேண்டுகோளை எந்த வடிவில் வைக்கலாம் என்ற ஒப்பந்தமே இடைமுகம்.

புதிய இடைமுகத்துக்கான நிரலை ஒருவர் எழுதினால், அது சேரும் முன் மற்ற வல்லுநர்கள் வரிவரியாகப் பரிசீலிப்பார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் பிழையை அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். இடைமுகத்தை அப்படி மாற்ற முடியாது. அதை நம்பி எழுதப்பட்ட மென்பொருள் எதுவும் கெர்னல் மாற்றத்தால் உடையக் கூடாது என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி. அதனால் பரிசீலிப்பவரின் முதல் கவலை 'இது வேலை செய்கிறதா' என்பதைவிட, 'பத்து ஆண்டு கழித்தும் இதைத் தாங்க முடியுமா' என்பதாகவே இருக்கும்.

வி.எஃப்.ஐ.ஓ.வின் முதல் ரீசெட் வேண்டுகோள் மிக எளிமையானது. 'என் கருவியை ரீசெட் செய்' என்பது மட்டுமே. வேறு எந்த விவரமும் தர வேண்டாம். எஃப்.எல்.ஆர். இருக்கும் கருவிக்கு இது போதும். இல்லாத கருவிக்கு?

ஓர் அட்டையில் இரண்டு நெட்வொர்க் துளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் துளை கவிதாவின் மெய்நிகர் கணினியிடம், இரண்டாவது முருகனின் மெய்நிகர் கணினியிடம். அட்டையில் எஃப்.எல்.ஆர். இல்லை. கவிதா ரீசெட் கேட்கிறார். பாதை ரீசெட்தான் ஒரே வழி. அதைச் செய்தால் முருகனின் இணைப்பும் அந்த நொடியே அறுந்துவிடும். முருகன் எதுவும் கேட்கவில்லை. அவருக்குக் காரணமும் தெரியாது. இதைக் கெர்னல் அனுமதித்தால், வாடகைக்கு வந்த யார் வேண்டுமானாலும் பக்கத்தில் இருப்பவரை விழுத்தலாம். ஆகவே அந்த எளிய வேண்டுகோள், பாதையில் வேறு யாரும் இல்லாதபோது மட்டுமே பாதை ரீசெட்டைப் பயன்படுத்தும். வேறு ஒரு பகுதி இருந்தாலும் மறுத்துவிடும்.

சரி, இரண்டு துளைகளும் கவிதாவிடமே இருந்தால்? அல்லது கிராஃபிக்ஸ் அட்டையின் படப் பகுதியும் ஒலிப் பகுதியும் ஒரே மெய்நிகர் கணினியிடம் இருந்தால்? அப்போது பாதை ரீசெட்டால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் எளிய வேண்டுகோள் அப்போதும் மறுக்கும், ஏனென்றால் அது ஒரு கருவியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பரிசீலிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது: பாதிக்கப்படும் எல்லாமே இவருடையதுதான் என்பதைக் கெர்னலிடம் எப்படி நிரூபிப்பது?

2013இல் லினக்ஸ் 3.12இல் வந்த விடை இரண்டு படிகள் கொண்டது. முதல் வேண்டுகோள் வெறும் விசாரணை: 'பாதை ரீசெட் செய்தால் யார் யார் பாதிக்கப்படுவார்கள்?' கெர்னல் ஒரு பட்டியல் தரும். பட்டியலுக்கு இடம் போதாவிட்டால், பிழை என்று சொல்லி, எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் எழுதித் தரும். போதிய இடத்தோடு திரும்ப வர வேண்டும். இரண்டாவது வேண்டுகோள் உண்மையான ரீசெட். அதோடு சாட்சியங்களையும் இணைக்க வேண்டும்.

சாட்சியம் என்ன? லினக்ஸில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் கெர்னல் ஒரு டோக்கன் எண் தரும். வி.எஃப்.ஐ.ஓ.வில் கருவிகள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு குழுவை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். ஆகவே ஒரு குழுவின் டோக்கனைக் காட்ட முடிகிறவரே அந்தக் குழுவின் அப்போதைய சொந்தக்காரர். பட்டியலில் வரும் எல்லாக் கருவிகளின் குழு டோக்கன்களையும் கொடுத்தால்தான் ரீசெட் நடக்கும். ஒன்று குறைந்தாலும் நடக்காது. அடுக்குமாடி வீட்டில் ஒரு தளத்துக்கே தண்ணீர்க் குழாயை அடைக்க வேண்டுமானால், அந்தத் தளத்து வீடுகள் அத்தனையின் சாவியையும் காட்டு என்று சொல்வதைப் போல.

என் பார்வையில் இந்த இடைமுகத்தில் மிகச் சிறந்த பகுதி இதுதான். கெர்னல், 'நீ யார், உன் பதவி என்ன' என்று கேட்கவில்லை. நிர்வாகியாக இருப்பதும் போதாது. கையில் இருப்பதைக் காட்டினால் போதும். பெயரை வைத்து உரிமை தருவதைவிட, கைவசம் இருப்பதை வைத்து உரிமை தருவது பாதுகாப்பில் பலமுறை நல்ல விடையாக அமைந்திருக்கிறது.

பத்து ஆண்டுகள் கழித்து அதற்குச் சோதனை வந்தது. 2023இல் லினக்ஸ் 6.6இல், குழுக்களைத் திறக்காமல் ஒவ்வொரு கருவியையும் நேராகத் திறக்கும் புது முறை சேர்க்கப்பட்டது. குழுவைத் திறக்காதவரிடம் குழுவின் டோக்கன் ஏது? பழைய மென்பொருளை உடைக்கவும் கூடாது. நல்ல வேளையாக, வி.எஃப்.ஐ.ஓ.வின் வேண்டுகோள்களில், விவரத் தொகுப்பின் தொடக்கத்திலேயே 'இதன் அளவு இவ்வளவு' என்ற எண்ணும், கொடிகளுக்கான இடமும் முதலிலிருந்தே ஒதுக்கப்பட்டிருந்தன. தேவையே இல்லாத நாளில் விட்டுவைத்த அந்த வெற்றிடம் இப்போது பயன்பட்டது. விசாரணையின் பதிலில் புதுக் கொடிகள் வந்தன. ரீசெட் வேண்டுகோளில் டோக்கன் பட்டியலைக் காலியாக விட்டால், 'பாதிக்கப்படும் எல்லாக் கருவிகளும் என்னுடைய அதே நினைவக வேலிக்குக் கீழ்த்தான் திறக்கப்பட்டிருக்கின்றனவா என்று நீயே பார்த்துக்கொள்' என்று பொருள். வேண்டுகோள் பழையதுதான். பழைய மென்பொருள் பழையபடியே டோக்கன் கொடுத்து வேலை வாங்கலாம்.

ரீசெட் நடக்கும் அந்தக் கணம்

இன்னொரு கேள்வியைப் பல ஆண்டுகள் யாரும் சரியாகக் கேட்கவில்லை. மெய்நிகர் கணினி, அட்டையின் நினைவகத்தை நேராகத் தன் முகவரிகளோடு இணைத்து வைத்திருக்கும். அந்த நினைவக வாசல் மூடியிருக்கும் நேரத்தில் அங்கே ஒரு வாசிப்பு வந்தால் என்ன ஆகும்? அட்டை பதில் சொல்லாது. பதில் வராததைச் சில சர்வர்கள் பெரிய வன்பொருள் கோளாறாக எடுத்துக்கொண்டு, மொத்த இயந்திரத்தையும் நிறுத்திவிடும். அதாவது, வாடகைக்கு வந்த ஒருவர் தம் அட்டையின் வாசலைத் தாமே மூடி, பிறகு அதைத் தட்டினால், அதே சர்வரில் இருக்கும் எல்லாருமே விழலாம்.

இந்தக் குறை சி.வி.இ.–2020–12888 என்ற எண்ணில் பதிவானது. திருத்தம் எளிய எண்ணத்தில் அமைந்தது. வாசல் மூடும்போதும் ரீசெட்டின்போதும் அந்த முகவரி இணைப்பைக் கெர்னல் பிடுங்கிவிடும். ரீசெட் நடக்கும்போது வரும் வாசிப்பு ஒரு பூட்டின் முன் காத்திருக்கும். திறந்த பிறகு, யாராவது தொடும்போது இணைப்பு மறுபடி உருவாகும். மூடிய வாசலைத் தொட முயன்றால் அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் பிழை போகும், சர்வர் நிற்காது.

ரீசெட்டே முடியாவிட்டால்?

இந்தக் கேள்விக்கு வி.எஃப்.ஐ.ஓ.வுக்குள்ளேயே இரண்டு விதமான பதில்கள் இருக்கின்றன. பி.சி.ஐ. கருவிகளுக்கு அது தாராளமாக நடந்துகொள்கிறது. கருவியைத் திறக்கும்போதே ஒருமுறை ரீசெட் செய்து பார்க்கிறது. வந்தால், 'ரீசெட் உண்டு' என்ற கொடியைக் காட்டும். வராவிட்டால் கொடி இருக்காது, ஆனால் கருவி கிடைக்கும். பி.சி.ஐ. பாதையில் இல்லாமல் சில்லுக்குள்ளேயே பதிந்திருக்கும் கருவிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனி ரீசெட் நிரல் எழுத வேண்டும். அந்த நிரல் இல்லையென்றால் கருவியைக் கொடுக்கவே மறுத்துவிடும். நிர்வாகி வேண்டுமென்றே விதியைத் தளர்த்தினால்தான் கிடைக்கும்.

எது சரி? வீட்டில் ஒரே ஆள், தம் விளையாட்டு அட்டையைத் தம் மெய்நிகர் கணினிக்கே கொடுப்பதானால் தாராளம் போதும். அந்நியர்களுக்கு வாடகைக்கு விடும் இடத்தில் கண்டிப்பே வேண்டும் என்பேன். கெர்னல் இரு தரப்புக்கும் பொதுவாக இருப்பதால், முடிவைக் கொடியாகக் காட்டிவிட்டுப் பொறுப்பை மேலே தள்ளுகிறது. மேலே இருப்பவர் கொடியைப் பார்க்கிறாரா என்பதைக் கெர்னலால் உறுதி செய்ய முடியாது.

கொடி இருந்தாலும் முழு நிம்மதி இல்லை. ஏ.எம்.டி.யின் போலாரிஸ், வேகா, நவி வரிசை கிராஃபிக்ஸ் அட்டைகளில் பல, முதல் முறை மெய்நிகர் கணினியில் நன்றாக ஓடும். அதை அணைத்து மறுபடி இயக்கினால் எழாது. சர்வரையே மறுதொடக்கம் செய்தால்தான் சரியாகும். பாதை ரீசெட் நடந்தது, கெர்னலும் வெற்றி என்றது, ஆனால் அட்டைக்குள் ஓடும் சிறு மென்பொருள் தன் பழைய நிலையை விடவில்லை. இதற்காக ஆர்வலர்கள் 'வெண்டார் ரீசெட்' என்ற தனிக் கெர்னல் பகுதியை எழுதி, அந்தந்த அட்டைக்குரிய முறையில் அலசினார்கள். வெற்றி என்ற பதிலுக்கு, 'சொன்ன சடங்கைச் செய்தேன்' என்பதற்கு மேல் பொருள் கொள்ள முடியாது.

வீட்டில் செய்து பார்க்க

லினக்ஸ் உள்ள கணினி கிடைத்தால், நிர்வாகி உரிமையோடு 'எல்.எஸ்.பி.சி.ஐ.' கட்டளையை இரண்டு 'வி' சேர்த்து இயக்குங்கள். ஒவ்வொரு கருவிக்கும் நீண்ட விவரம் வரும். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கருவிகளின் விவரத்தில் 'எஃப்.எல்.ரீசெட்' என்ற சொல்லைத் தேடுங்கள். பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் தனி ரீசெட் உண்டு. கழித்தல் குறி என்றால் இல்லை. உங்கள் கிராஃபிக்ஸ் அட்டை, எஸ்.எஸ்.டி., வைஃபை மூன்றையும் ஒப்பிட்டு எழுதிப் பாருங்கள். இது வெறும் வாசிப்புதான், எதுவும் கெடாது. ஆனால் ஒவ்வொரு கருவியின் கோப்புறையிலும் 'ரீசெட்' என்ற பெயரில் இருக்கும் கோப்பில் எதையும் எழுதிவிடாதீர்கள், குறிப்பாக இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்.எஸ்.டி.க்கு.

ஒரு கணக்கும் தருகிறேன். நான்கு துளை நெட்வொர்க் அட்டை, எஃப்.எல்.ஆர். இல்லை. நான்கும் தனித்தனிக் குழுக்கள், ஆனால் ஒரே பாதை. மூன்று துளைகள் கவிதாவிடம். நான்காவதைச் சர்வரே தன் இணைப்புக்கு வைத்திருக்கிறது. கவிதா மூன்று டோக்கன்களோடு பாதை ரீசெட் கேட்கிறார். கிடைக்குமா? நான்காவது துளையை எந்த மெய்நிகர் கணினியும் பயன்படுத்தவில்லையே என்று அவர் வாதிடலாம். பட்டியலில் அது இருக்கிறது, அதன் டோக்கன் அவரிடம் இல்லை. கிடைக்காது.